புகைத்தவரும் பக்கத்தில் இருந்தவரும்

தையற்காரருக்கு வாய்தான் மூன்றாவது கை. இரண்டு கையும் துணியில் மாட்டியிருக்கும்போது குண்டூசியை வேறு எங்கே வைப்பது? கடையின் பின்னறையில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து, உதட்டில் நாலைந்து ஊசிகளோடு இருபத்தெட்டு வருஷம் தைத்தார்கள். அதனால் தம்பியின் நாக்கோரத்தில் புண் வந்தபோது, ஊசி குத்திவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தே நான்கு மாதம் போயிற்று. வேறு தொழில் செய்கிறவனாக இருந்தால் நாலாம் வாரமே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பான்.

கடைசியில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அண்ணனை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை. அண்ணன் வருவதற்கு முன்பே அவருடைய சிகரெட் வாசனை அறைக்குள் வந்துவிடும். நோயாளி தம்பிதான் என்று தெரிந்ததும் சிகரெட் உண்டா, புகையிலை உண்டா, குடி உண்டா என்று கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. மறுபடியும் கேட்டார். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதனை இப்படிச் சந்தேகப்பட்டதில் அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவன் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டார்.

புண் புற்றுநோய்தான் என்று தெரிந்தது. நாக்கில் ஒரு பகுதியை எடுத்தார்கள். அறுவைக்கு முன்பே டாக்டரம்மா இருவரிடமும் இரத்தம் எடுத்து, மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் புகைத்தவருக்கு வராமல் புகைக்காதவருக்கு வந்ததென்றால், காரணம் பிறவியிலேயே இருக்கலாம் என்றார்.

அண்ணன் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வெட்டிய துணியும் காகித அளவும் பறக்கக் கூடாதென்று பின்னறை ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார்கள். வெளியே போய்ப் பிடியேன் என்று தம்பி ஒன்றிரண்டு தடவை கேட்டிருக்கிறான். உன் மூக்கு என்ன மகாராணி மூக்கா என்று சிரித்திருக்கிறார். இப்போது அந்தச் சிரிப்பு அவரைத் தூங்கவிடவில்லை. பிறவிக் கோளாறு என்று மட்டும் வந்துவிட்டால் போதும், தம்பியை நிமிர்ந்து பார்க்கலாம்.

அறுவை முடிந்த ஆறாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. அவர் ஆசைப்பட்டபடியே வந்தது.

"உடம்புல இருக்கற செல்லுல தினமும் கிழிசல் விழும். உங்க உடம்பு அதை இதுவரைக்கும் தச்சுக்கிட்டே வந்திருக்கு. உங்க தம்பிக்கு அந்தத் தையல் சரியா விழாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான்."

"அப்போ என் புகை காரணமில்லீங்களே?"

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடி வைத்தார்.

"அது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. அதுக்குப் பங்கில்லைன்னும் சொல்ல முடியாது. அதே புகையை உங்க உடம்பு தாங்கிச்சு, அவர் உடம்பு தாங்கலை."

தம்பி மகளுக்கும் இது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அவளையும் கூட்டி வாருங்கள் என்றார். ஒரு வருஷமாக அந்தப் பெண்ணும் அதே பின்னறையில்தான் பித்தான் தைக்கிறாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அண்ணனுக்கு இரண்டும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன.

வார்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரு பாதி உண்மை நாக்கு நுனியிலேயே நின்றது. பிறவிக் கோளாறாம், யார் கையிலும் இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. டாக்டரம்மாவா வந்து மறுக்கப் போகிறார்?

தம்பி விழித்திருந்தான். இப்போதெல்லாம் அவன் ஒவ்வொரு சொல்லையும் மெல்லத்தான் உருட்டி வெளியே கொண்டுவர வேண்டும்.

"டெஸ்டுல உனக்கு என்னண்ணே வந்துச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்லடா."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். ஓரத்தில் கண்ணீர் வழிந்தது. அப்பாடா என்கிற கண்ணீர். ஆறு நாளும் இந்த மனிதன் தனக்காகப் பயந்து படுத்திருக்கவில்லை.

அதற்குமேல் அண்ணனால் முடியவில்லை. டாக்டரம்மா சொன்னதில் ஒன்றைக்கூட விடாமல் சொன்னார், மகளைப் பற்றியும் சொன்னார். வெளியே போய்ப் பிடி என்று நீ சொன்னபோது சிரித்தேனே என்று சொல்லும்போது அழுதுவிட்டார்.

பரவாயில்லை என்று தம்பி சொல்லவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினான்.

"பாப்பாவை நீயே டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போ."

"சரிடா."

"தலைக்குக் குளிச்சிட்டு, துவைச்ச சட்டை போட்டுட்டுப் போ. அவ உன் பக்கத்துலதான் உக்காருவா."