நாக்கின் மஞ்சள்

ஆஸ்பத்திரிக் கழிப்பறைக் கண்ணாடியின் முன்னால் நின்றுகொண்டு யுன்ஷியா தன் நாக்கைப் பீங்கான் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வெளியே நடைவழி பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருக்கிறாள். இருபத்தொன்றாம் எண் உள்ளே போய்விட்டது, இவர்களுடையது இருபத்துநான்கு. கரண்டியின் விளிம்பில் மஞ்சளாக, பிசுபிசுவென்று வழிந்து வந்தது. குழாயில் அலசிவிட்டு மறுபடியும் சுரண்டினாள். அடிநாக்கு வரை விட்டபோது குடல் புரண்டுகொண்டு வந்து, கண்ணில் நீர் முட்டியது. பக்கத்தில் குழந்தைக்கு மூக்கு சிந்திவிட்ட ஒரு பெண் இவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று யுன்ஷியா ஐஸ் போலிருந்த தண்ணீரை வாயில் அடக்கி, பற்கள் கூச, நூறு வரை எண்ணினாள்.

அந்த மஞ்சள் நான்கு மாதமாக அவளை மிரட்டிக்கொண்டிருந்தது. "கீழ்வயித்துல ஈரமும் சூடும் கலந்து ஊறிக் கெடக்குது. அது போற வரைக்கும் புருஷன் பொண்டாட்டி சேரக் கூடாது. போச்சா இல்லையான்னு உன் நாக்கு எனக்குச் சொல்லும்" என்று டாக்டர் யென் முதல் நாளே சொல்லிவிட்டார். ஐந்து வருஷத்துக்கு முன் மூன்று மாதக் கரு கலைந்தபோது, கால்வாய்க்கரைக் கிளினிக்கில் அரைகுறையாகச் சுத்தம் செய்து அனுப்பியதில் தொடங்கிய வினை அது. இடுப்பில் இழுப்பு, அடிவயிற்றில் குத்தல், வெளியே சொல்லக் கூசும் வாடையோடு வெள்ளைப்படுதல். ஊர்க்காரர்கள் எல்லோரும், தாமரைக் குளத்துத் தண்ணீரில் நின்று கிழங்கு கழுவுகிறவள்தானே, கருப்பையில் குளிர் ஏறிவிட்டது என்றார்கள். டாக்டர் யென் மட்டும்தான் குளிர் இல்லை, சூடு என்றார். மாத்திரையும் ஊசியும் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டன. பிறகு எல்லாம் கஷாயம்தான்.

புருஷன் தாய்ஷெங் தெற்கே கட்டட வேலையில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டுகிறான். வருஷத்துக்கு ஒரு முறை, புத்தாண்டுக்குப் பத்து நாள் வருவான். அந்தப் பத்து நாளில் யுன்ஷியாவுக்குக் கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள் இந்தத் தடவை நடுவில் அழகாக வந்து விழுந்திருந்தன. மாமியார் காலண்டரில் விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, குலசாமியே வழி காட்டியது போல முகம் மலர்ந்தாள். யுன்ஷியாவுக்கு முப்பத்தாறு நடக்கிறது. போன வருஷம் வந்தபோது தாய்ஷெங் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலிருந்ததே அவளைக் கொன்றது. சித்தப்பா மகனின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை போய்ப் போய் வந்தான், அவ்வளவுதான்.

"இருவத்தி நாலு!"

டாக்டர் யென் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "நாக்க நீட்டு" என்றார்.

யுன்ஷியா நீட்டினாள். மாமியார் டாக்டரின் தோளுக்குப் பின்னாலிருந்து கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். இந்த நான்கு மாதத்தில் அவளும் பாதி வைத்தியர்.

"என்ன இவ்ளோ செவந்திருக்கு?"

"காலைல நூடுல்ஸ் சூடா சாப்ட்டேன் டாக்டர். சுட்டுடுச்சு."

டாக்டர் நாடி பார்த்தார். விடியற்காலையில் காய்ச்சல் மாத்திரை இரண்டு விழுங்கி உடம்புச் சூட்டை அடக்கியிருந்தது நல்லதாகப் போயிற்று. படுக்கச் சொல்லி, அடிவயிற்றில் நான்கு விரலை வைத்து அழுத்தினார். உயிர் உச்சந்தலைக்கு ஏறியது. யுன்ஷியா கூரையில் ஓடிய குழாயைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துச் சிரித்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டர். கூச்சமா இருக்கு."

"ஸ்கேன் எடுத்தியா?"

"புத்தாண்டு கழிஞ்சு எடுக்கலாம்னு..." என்று மாமியார் முந்திக்கொண்டாள். "பையன் வர்றான் டாக்டரம்மா. பத்தே நாள்தான் லீவு."

வாசலில் முப்பது பேர் நிற்கிறார்கள். டாக்டர் யென் கொஞ்ச நேரம் பேனாவை மேஜையில் தட்டினார். பிறகு பழைய சீட்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதினார். செங்கொடித் தண்டும் கசப்புக் கீரைகளும் போய், பட்டையும் சுக்கும் மாசிப்பத்திரியும் வந்தன. சூட்டைத் தணிக்கும் மருந்து முடிந்தது, இனி கருப்பையைச் சூடாக்கும் மருந்து, அதாவது புருஷன் பொண்டாட்டி சேர இருந்த தடை நீங்கிவிட்டது. "ரொம்ப நாளா குளுகுளுன்னு குடுத்துட்டோம். இப்ப கொஞ்சம் அனலேத்தணும். காய்ச்சல், வலின்னு ஏதாவது வந்தா ஒடனே நிறுத்திட்டு வரணும், புரியுதா?" என்றார்.

நடைவழிக்கு வந்ததும் மாமியார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். ஆள் பார்க்க அழுகிறவள் இல்லை அவள். வாரத்தில் ஆறு நாள் கஷாயச் சக்கையைத் துணியில் கட்டி, ஆவி பறக்க மருமகளின் அடிவயிற்றில் ஒத்தடம் வைத்து உள்ளங்கைத் தோல் உரிந்தவள். அந்த உரிந்த கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வாடி, கறி வாங்கிட்டுப் போலாம்" என்றாள்.  இன்னும் நாலு நாள், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று யுன்ஷியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாருக்குத் தெரியும், இந்தச் சூட்டு மருந்தே நல்லதாக இருந்தாலும் இருக்கலாம் என்றுகூட நினைத்துப் பார்த்தாள். வேண்டிய ஒன்றுக்காக மனுஷ மனம் எந்தப் பொய்யையும் நம்பத் தயாராகிவிடுகிறது.

புது மருந்து கசக்கவில்லை. காரமாக, பட்டை வாசனையோடு, சுகமாகத்தான் இறங்கியது. அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் அடிவயிற்றில் கனல் மூட்டியது போல எரிந்தது. அதற்கு மறுநாள் குளத்துக்கரையில் கிழங்குச் சேற்றை அலம்பும்போது வலப்பக்கம் சுருக்கென்று இழுத்து, கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை செய்த ஃபாங் அக்கா, "என்னடி, மசக்கையா? புருஷன் வர்றதுக்கு முன்னாடியேவா?" என்று கேட்டாள். சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். யுன்ஷியாவும் சிரித்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

வலிக்கிறது என்று வீட்டில் சொல்லாமல் முடியவில்லை. மாமியார் பதறவில்லை, உற்சாகமானாள்.

"மருந்து வேல செய்யுது! உள்ள கெடக்கறத வெளிய தள்ளும்போது வலிக்காம என்ன செய்யும்? எங்கக்காவுக்கும் இப்படித்தான், மூணு நாள் உருண்டு பொரண்டா. நாலாம் நாள் எழுந்து ஆத்துல துணி தொவச்சா."

"காய்ச்சல் வந்தா நிறுத்தச் சொன்னாங்களேம்மா."

"காய்ச்சலா? எங்க, காட்டு." புறங்கையை நெற்றியில் வைத்தாள். அடுப்படியில் நின்ற கை, அதற்கு எல்லாமே குளிர்ச்சியாகத்தான் தெரியும். "ஒண்ணுமில்ல. கன்னம் செவந்திருக்கு, ரத்தம் ஓடுது. நல்ல கொணம். குடி."

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் மாமியாரின் முகத்தில் இருந்த அந்த ஒளி, யுன்ஷியா வாக்கப்பட்டு வந்த பதிமூன்று வருஷத்தில் அங்கே பார்த்தேயிராத ஒளி, அதை அணைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. கிண்ணத்தை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். மறைத்து வைத்திருந்த காய்ச்சல் மாத்திரையையும் முழுங்கினாள்.

தாய்ஷெங் வருகிற நாள் வந்தது. மாமியார் விடியும்போதே கெண்டை மீனை அரைத்து, மீன் உருண்டைக்குப் பிசைந்துகொண்டிருந்தாள். யுன்ஷியா எழுந்து உட்கார்ந்தபோது அறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பல் கிட்டித்து உடம்பு உதறியது. வலி இப்போது குத்தவில்லை, கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போலக் கனத்தது. மூன்று மணி பஸ்ஸில் அவன் வந்துவிடுவான். இன்றைக்கு ராத்திரி இதே கட்டிலில் அவன் கையை இந்த வயிற்றின் மேல் போட்டால் தான் அலறிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. சாகக்கூடப் போகிறோமோ என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது.

"வெங்காயத்தாள் வாங்கிட்டு வந்துடறேன்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, ஒரு மூன்று சக்கர வண்டியில் ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். ஒவ்வொரு குழிக்கும் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு முனகினாள். வண்டிக்காரன் பயந்துபோய், "பிரசவமா தங்கச்சி?" என்று கேட்டான். 

டாக்டர் யென்னின் அறையில் எண் வாங்காமல் நுழைந்தாள். யாரோ திட்டினார்கள். யாரும் கேட்பதற்கு முன்பே நாக்கை நீட்டினாள். தடிமனாக, அழுக்கு மஞ்சளாக, நடுவில் பழுப்பேறி இருந்தது. டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே பார்த்தார்.

"நாலு நாள்ல இப்படி ஆகாது" என்றார் கடைசியில்.

"அன்னிக்குச் சொரண்டிட்டு வந்தேன். மாத்திரை போட்டுக்கிட்டேன். அவர் வர்றாரு... இன்னிக்கு வர்றாரு டாக்டர்."

"அடிப்பாவி! அந்த மருந்த இன்னமும் குடிச்சியா?"

"குடிச்சேன்."

"எத்தன வேளை?"

"எல்லா வேளையும்."

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், அன்றைக்கு அழுத்திய அதே நான்கு விரல்களை. "நீ சிரிச்ச. நானும் நம்பித் தொலச்சேன்" என்றார். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தள்ளு நாற்காலி, எதிர்க் கட்டடம், ஸ்கேன். திரையைப் பார்த்த பெண் இன்னொரு ஆளைக் கூப்பிட்டாள். வலப்பக்கக் கருக்குழாயில் ஒரு முட்டை அளவுக்குச் சீழ் கட்டியிருக்கிறது, கசிய ஆரம்பித்துவிட்டது, இடப்பக்கமும் வீங்கியிருக்கிறது, உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார்கள். இனி கஷாயத்துக்கு இங்கே வேலை இல்லை என்று டாக்டர் யென்னே சொன்னார். வீட்டு ஆள் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். நர்ஸ் வீட்டுக்குப் போன் செய்தாள்.

மாமியார் வந்தபோது புதுச் சட்டை போட்டிருந்தாள், மகனைப் பார்க்கப் போட்ட பஞ்சு வைத்த ஊதாச் சட்டை. விரலிடுக்கில் மீன் மாவு காய்ந்திருந்தது. கட்டிலையும் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸையும் பார்த்துவிட்டு, நேரே டாக்டர் யென்னிடம் பாய்ந்தாள்.

"என்ன மருந்தம்மா குடுத்தீங்க? நல்லாயிடுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? உங்க சீட்டுதான?"

 டாக்டர் யென் யுன்ஷியாவைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"அம்மா. அவங்கள விடுங்க. நான்தான் நாக்க சொரண்டிட்டுப் போனேன். வலி இருந்துச்சு. இல்லன்னு சொன்னேன்."

மாமியாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் அழுதனே. பாத்துக்கிட்டு நின்னியே."

"ஆமாம்மா."

"என் கையால காய்ச்சிக் குடுத்தேனேடி. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வலிக்குதுன்னு சொன்னப்போ ரெண்டு துண்டு இஞ்சி வேற தட்டிப் போட்டேன். நெருப்ப அள்ளி உன் வாயில ஊட்டியிருக்கேன்டி நான்."

அவள் கை ஓங்கியது. நர்ஸ் ஓடிவந்தாள். கை கீழே வந்து போர்வையைத்தான் கசக்கிப் பிடித்தது. யுன்ஷியாவுக்கு அந்த அடி விழுந்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

இளம் டாக்டர் ஒருவர் தாளை நீட்டி, படபடவென்று வாசித்தார். தேவைப்பட்டால் வலப்பக்கக் குழாயை எடுக்க நேரிடும். சூல்பையையும் எடுக்க நேரிடலாம். இடப்பக்கமும் அழுகியிருந்தால் அதையும். சம்மதம் என்றால் இங்கே.

"ஒரு பக்கமாவது மிஞ்சுமா?" என்று மாமியார் கேட்டாள்.

"தெறந்து பாத்தாத்தான் தெரியும்."

"மிஞ்சலன்னா?"

 இளம் டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "லேட் பண்ணா ஆளே மிஞ்ச மாட்டாங்க" என்றார்.

மாமியார் தாளை வாங்கித் தூர வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. யுன்ஷியா அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, அவள் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். மாமியார் கையெழுத்துப் போடாமல் மகன் வரட்டும் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தாள். சொல்ல அவளுக்கு நியாயமும் இருந்தது. நர்ஸ் சிவப்பு மைப்பெட்டியைத் திறந்து நீட்டினாள். மாமியார் கட்டைவிரலை அதில் அமுக்கினாள். ரொம்ப நேரம் அமுக்கினாள். பிறகு அவர்கள் காட்டிய இடத்தில் தன் முழு பாரத்தையும் கொடுத்து ஊன்றினாள்.

கட்டிலின் சக்கரத்தை விடுவித்தபோது மாமியாருடைய பையிலிருந்து போன் அடித்தது. இடது கையால் தடவி எடுத்து, காதில் வைத்துக்கொண்டு கட்டிலோடு நடந்தாள்.

"தாய்ஷெங்கா? எங்க வர்ற? பாலம் தாண்டிட்டியா?... வீட்டுக்குப் போவாத, நேரா ஆஸ்பத்திரிக்கு வா... எனக்கில்ல, உன் பொண்டாட்டிக்கு. ஆபரேஷன்... டாக்டர் மேல தப்பில்ல. நான் குடுத்த மருந்து, ஒத்துக்கல... ஆமாண்டா, நான்தான். பேரன் பேரன்னு அவசரப்பட்டுட்டேன்... அவள எதுவும் கேக்காத. கேட்டே, உன்ன வீட்டுக்குள்ள ஏத்த மாட்டேன். வா சீக்கிரம்."

இல்லை என்று கத்த யுன்ஷியா தலையைத் தூக்கினாள். நர்ஸ் தோளை அமுக்கிப் படுக்க வைத்தாள். இரட்டைக் கதவு திறந்தது. மாமியார் அதற்கு மேல் வரக்கூடாது என்று யாரோ தடுத்தார்கள். கதவு மூடும்போது இடைவெளியில் அவள் தெரிந்தாள். போன் இன்னும் காதில் இருந்தது. வலது கையை, ஊதாச் சட்டையில் மை பட்டுவிடாமல், உடம்பை விட்டுத் தள்ளித் தனியாக நீட்டி வைத்திருந்தாள். கட்டைவிரல் சிவப்பாக இருந்தது.