தைலம் தேய்த்த கை

புல் மருந்து இனி தன் வீட்டு வாசப்படி ஏறக்கூடாது என்று அங்கப்பன் சொன்னபோது, மலையூரான செம்மநத்தத்தில் யாரும் அவனிடம் வாதாடவில்லை. வாதாட என்ன இருக்கிறது? காப்பித் தோட்டத்துப் புல்லைக் கொல்லவென்று வாங்கி வைத்த மருந்தை, பிடிக்காத மாப்பிள்ளையைக் கட்டச் சொன்னதற்காக மகள் ராசம்மாள் குடித்துவிட்டாள். எண்பத்துமூன்றாம் வருஷம், சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த கையோடு.

அது பாவி மருந்து. புல்லைச் சொல்லிவிட்டுக் கொல்லும். மனுசரை ஏமாற்றிக் கொல்லும். ராசம்மாள் சில நாள் எழுந்து நடந்தாள், கஞ்சி குடித்தாள். பிழைத்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தார்கள். பிறகு மூச்சு வாங்கியது. அங்கப்பன் வண்டி தேடிக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதன்பின் அவன் மனைவி வெள்ளையம்மாள் பேச்சை நிறுத்திவிட்டாள். மருந்து டப்பா இருந்த மாடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பார்வைதான் அங்கப்பனுக்குக் கிலி. மகள் போன வழியில் இவளும் போய்விடுவாளோ என்று டப்பாவைத் தூரத்தில் குழிதோண்டிப் புதைத்தான்.

மருந்து போயிற்று, புல் போகவில்லை. ஆடி மழைக்கு முழங்கால் உயரம் எழுந்து காப்பி இளங்கன்றுகளை மூடியது. இரண்டு கை போதாது. வெள்ளையம்மாளோ தோட்டத்துப் பக்கமே வருவதில்லை. யூகலிப்டஸ் தைலம் காய்ச்சும் கொட்டகையில் வேலை பார்த்த மாதையன்தான் வழி சொன்னான்.

"எங்க கொட்டாய்த் தண்ணி போற வாய்க்கா ஓரம் பாத்தியா? ஒரு புல்லு மொளைக்கறதில்ல. வெலைக்குப் போவாத அடித்தைலம் தாரேன். துணி தொவைக்கற சவக்காரம் கரைச்சு, தண்ணி கலந்து, உச்சி வெயில்ல அடி. எலையோட மேல்தோல அரிச்சுப்போடும். உள்ள இருக்கற ஈரம் போயி காஞ்சுரும். ஆனா டின்னை இங்கயே வெச்சுக்க, ஊட்டுக்குக் கொண்டுபோவாத."

கன்றின் மேல் பட்டால் அதையும் கருக்கிவிடும் என்பதால் அங்கப்பன் தகரத்தை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு அடித்தான். சாயங்காலத்துக்குள் புல் பழுத்துச் சுருண்டது. அவனுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமா? மழை பெய்ததும் வேரிலிருந்து பச்சை எட்டிப் பார்த்தது. தைலம் இலையோடு நின்றுகொண்டது, வேரைத் தொடவில்லை. மறுபடி அடித்தான், மறுபடி முளைத்தது. மகள் பிழைத்தாள் என்று நம்பினான், செத்தாள். புல் செத்தது என்று நம்பினான், பிழைத்தது. அவன் நம்பிக்கையின் ராசி அப்படி.

இதற்கிடையில் வெள்ளையம்மாள் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டாள். அவன் தோட்டத்திலிருந்து வந்து உட்கார்ந்தால், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள். துக்கம் என்று நினைத்தான் மடையன். ஒரு நாள் சாயங்காலம், சட்டையெல்லாம் தைலமாக அவன் உள்ளே நுழைந்தபோது அவள் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க. இந்தத் தைலம் வேண்டாமுங்க. அந்த மருந்தையே வாங்கியாந்துருங்க."

அங்கப்பன் மாடத்தைத் திரும்பிப் பார்த்தான். "என்ன புள்ள சொல்ற?"

"நீங்க வண்டிக்குப் போயிருந்தப்ப புள்ளைக்கு நொம்ப மூச்சு வாங்குச்சுங்க. மலைக் குளுருன்னு நெனச்சுப்போட்டனுங்க. நெஞ்சுல இதே தைலத்தப் போட்டுத் தேச்சுக்கிட்டே இருந்தனுங்க. என் கைக்கு அடியிலயே போயிட்டா. நீங்க உள்ள வந்தாவே அவ நெஞ்சு மணக்குதுங்க."

மருந்தைப் புல்லுக்குக் கேட்டாளா, தனக்குக் கேட்டாளா என்று அங்கப்பன் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தைரியம் இல்லை. எந்த மருந்துக்குப் பயந்து தைலத்தைத் தொட்டானோ, அந்த மருந்தை அவள் வாயாலேயே கேட்க வைத்தது இந்தத் தைலம்தான். ஓடைக்குப் போய்ச் சட்டையை எரித்தான். தோல் சிவக்கும்வரை சாம்பலைப் போட்டுக் கையைத் தேய்த்தான். அங்கே உட்கார்ந்துதான் மகளுக்காக முதல் தடவை வாய்விட்டு அழுதான்.

மறுநாளிலிருந்து களைக்கொத்தும் கையுமாகத் தனியே புல்லோடு மாரடித்தான். மேல் பாத்தியை முடிப்பதற்குள் கீழ்ப் பாத்தி மூடிக்கொண்டது. கன்றுகளில் பாதி போயிற்று. போகட்டும் என்று விட்டான்.

அவன் சாப்பிட உட்கார்ந்தால் வெள்ளையம்மாள் முதலில் அவன் கையை இழுத்து முகர்ந்து பார்ப்பாள். மண்ணும் புல்லும் மட்டும் மணந்தால் தட்டில் களியை வைப்பாள். அப்புறம் தனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்வாள்.