தனக்கோடி பேருக்கு யார் பதில் சொல்வது

1

“எங்க நைனா பேரக் கூப்புடறப்ப யாரும் பதில் குடுக்கக் கூடாது.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று பூவிழியிடம் சொல்லியிருந்தார்கள். இது நான் இட்டுக்கட்டியது. உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: திருப்பாலைவனத்திலிருந்து பழவேற்காடு போகும் பேருந்தில், என் முன்னிருக்கையில் ஓர் அம்மா மகளிடம், “எத்த வேணா கேளு, அத்த மட்டும் சபையில கேட்டுடாத” என்றாள். ‘அது’ எது என்று தெரியாமலே நான் இறங்கிவிட்டேன்.

தெரியாததை எழுதலாமா? கூடாது என்றுதான் தத்துவ வகுப்பில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. ‘கூடாது’களை மீறித்தான் அதையும் வாங்கினேன்.

2

(ஏரியின் மேல் பூநாரைகள் இளஞ்சிவப்பாக...) வேண்டாம். பூநாரை பார்க்க வருகிறவர்கள் கார் நிறுத்த இடம் கேட்பார்கள், அவ்வளவுதான்.

(பூவிழியின் அப்பா தனக்கோடி முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போன அன்று காற்று...) காற்று எப்படி இருந்ததோ, எனக்குத் தெரியாது. பூவிழிக்கும் தெரியாது, நடக்கப் பழகிய வயது. படகு திரும்பியது. அவள் அப்பா திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை விடுவது என்பதைக் குப்பத்துச் சபையில் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். சீட்டில் வந்த பேரை உரக்கக் கூப்பிட்டதும், “கீறேன்”, அதாவது இருக்கிறேன், என்று குரல் வரவேண்டும். வராவிட்டால் ஆள் இல்லை என்று பொருள், பேரை எடுத்துவிடுவார்கள்.* தனக்கோடியின் பேருக்கு அவர் தம்பி ராஜவேலு எழுந்து “கீறேன்” என்பார். அந்தப் பாடு நாளில் விழும் இறாலில் பூவிழியின் அம்மா இருசம்மாளுக்குப் பங்கு வந்துவிடும். இதைப் பொய் என்று ஒருவரும் சொன்னதில்லை.

* பாடு உண்டு. இந்தப் பதில் சொல்லும் வழக்கம் நான் வைத்தது. போய்த் தேடாதீர்கள்.

3

அப்பாவைப் பற்றிப் பூவிழிக்கு ஒரே ஒரு நினைவு. ஆண்களின் கால்களுக்கு நடுவே நிற்கிறாள். “தனக்கோடி!” என்று கூப்பிடுகிறார்கள். மேலே எங்கிருந்தோ கரகரத்த குரல்: “கீறேன்.”

சென்னை விடுதியில் காய்ச்சலாகக் கிடந்தபோது அந்தக் குரலைத்தான் போர்த்திக்கொண்டு படுத்தாள்.

சபைக்குப் பெண்கள் போவதில்லை. படிப்பு முடித்து வந்தவள் போன தடவை போனாள், ஓரமாக நின்றாள். பேர் வந்தது. அதே கரகரப்பு. சித்தப்பா! வீட்டில் முனகிப் பேசுகிற மனிதருக்கு உரக்கச் சொல்லும்போது அந்தக் குரல்.

உண்மையாக இருந்து, நம்புவதற்குக் காரணமும் இருந்தால் அது அறிவு என்று நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். பேர் நிஜம். குரல் நிஜம். காதால் கேட்டிருக்கிறாள், இதைவிட என்ன காரணம் வேண்டும்? ஆள்தான் வேறு. அப்படியானால் இத்தனை வருஷம் அவள் ஏங்கியது யாருக்காக? (தர்க்கப்படி பார்த்தால்...) பார்த்தேன். தர்க்கம் விடைத்தாளோடு எழுந்து போய்விட்டது.

4

இன்று சபை. இருசம்மாள் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். ராஜவேலு டீ குடித்துக்கொண்டிருந்தார். இந்தக் கதையின் முதல் வரியைப் பூவிழி வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

“பேரு பூட்டா பாடு பூடும். எம் பொட்டும் பூடும். தெரியுமாடி?” என்றாள் இருசம்மாள்.

“நைனா உசுரோட கீறார்னு உனுக்கு எப்டித் தெரியும்?”

“தெரியும்.”

“அதான், எப்டி?”

“பசி எடுத்தா எப்டித் தெரியுதுன்னு கேப்பியா? வந்துட்டா படிச்சவ!”

“சித்தப்பா, நீ சொல்லு. எங்க நைனா கொரலு எப்டி இருக்கும்?”

ராஜவேலு டம்ளரைக் கீழே வைத்தார்.

“அவருக்காண்டி நானே சொல்லிச் சொல்லி... இப்ப நெனச்சா எங் கொரலுதாம்மா வருது.”

பூவிழி அம்மாவைப் பார்த்தாள். இருசம்மாள் நண்டின் கொடுக்கை விடுவிப்பதிலேயே இருந்தாள்.

“கொரலு இன்னாத்துக்கு? ஆளு வந்தா கேட்டுக்க.”

அப்பாவின் குரல் ஒருவரிடமும் இல்லை.

“அவரு பேர்ல யாரும் பேசாத ஒரே ஒரு தடவ வோணும்,” என்றாள் பூவிழி. “அவரு இல்லன்றத நான் காதால கேக்கணும்.”

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். பூவிழியே சபையில் எழுந்து “கீறேன்” என்கிறாள்: எழுதியதும் எனக்கே கைதட்டத் தோன்றியது, அடித்துவிட்டேன். அவர் மேல் இன்னொரு குரலைப் போர்த்துவதுதானே அதுவும்? அம்மாவின் சோற்றுக்காக வாயை மூடிக்கொள்கிறாள்: இதைக் கேவலம் என்று சொல்ல என்னால் முடியாது, என் அம்மாவும் அப்படித்தான் என்னைப் படிக்க வைத்தாள். தனக்கோடி திரும்பி வருகிறார், கதவருகே நின்று மகளை... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு ஆசை. அவருக்கு என்ன குரல் கொடுப்பேன்?)

நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பூவிழி தலையை வாரி முடித்துவிட்டாள்.

“பாடு பூட்டா நான் வேலைக்குப் போயி சோறு போடறேன். பொட்டு உன் நெத்தியில கீறது. அத்த எடுக்கச் சொல்ல எவன் வரான்னு பாக்கறேன்.”

“நாலு பேரு காறித் துப்புவான்டி!”

“துப்பட்டும்.”

ராஜவேலு சட்டையைத் தோளில் போட்டபடி உட்கார்ந்தே இருந்தார். சபைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் அவருக்கும்தான். அவர் எழுந்திருப்பாரா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. வேண்டுமானால் நீங்கள் எழுப்புங்கள், இல்லை உட்கார வையுங்கள்.

பூவிழி அவரைக் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு சபைப் பக்கம் நடந்தாள்.