விரதத்துக்கு நிறுத்திய ஊசி

தம்பியின் உதட்டில் உறைந்திருந்த ரத்தத்தை ஹேமாலி ஈரத்துணியால் துடைத்தாள். கீழுதடு பிளந்திருந்தது. தாடையில் கோலாட்டக் கழி விழுந்த தடம் நீலம் பாரித்துக் கிடந்தது. கழியை ஓங்கிய அவளுடைய மூத்த அண்ணன் ஜெய்ராஜ், காலடியில் குனிந்து பாடைக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.

தம்பி மௌலிக்குக்குச் சிறுவயதிலிருந்தே சர்க்கரை. கல்லூரிக் கழிவறையில் தாழிட்டுக்கொண்டுதான் ஊசி போட்டுக்கொள்வான். நண்பர்களுக்குத் தெரியாது. ஹேமாலிக்கு வரன் அமைய வேண்டுமே என்று வீட்டிலும் வாய் திறக்கக் கூடாதென்பது அப்பாவின் உத்தரவு. இந்த நவராத்திரிக்கு நண்பர்கள் எல்லோரும் வெறும் தண்ணீரில் விரதம் இருந்தார்கள். அவனும் இருந்தான். சாப்பிடாதவனுக்கு ஊசி எதற்கு என்று அதையும் நிறுத்திவிட்டான். ஹேமாலி சத்தம் போட்டபோது, "என்னை மாதாஜி பாத்துப்பா. நீ உன் மாப்பிள்ளையப் பாரு" என்று அம்மன் படத்தைக் காட்டிச் சிரித்தான்.

அம்மனைச் சுற்றிக் கர்பா ஆடும் மைதானத்தில், ஆடுகிறவர்களின் நடுவே வாந்தியெடுத்துத் தள்ளாடினான். மூச்சில் அழுகிய பழத்தின் நெடி. சாராயம் கடத்துகிறவனைக்கூட மன்னிக்கிற ஊர் அது. நவராத்திரியில் குடித்தவனை மன்னிக்காது. கூட்டம் அவன்மேல் பாய்ந்தது. ஜெய்ராஜ் விலக்கிக்கொண்டு உள்ளே போனான். முகர்ந்தான். பிறகு குடும்ப மானத்துக்காக மற்ற எல்லோரையும் விட ஓங்கி அடித்தான். ரத்தத்தில் மது ஒரு சொட்டுமில்லை, சர்க்கரை முற்றினால் இந்த நெடிதான் வரும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது மௌலிக் கண் திறக்கவில்லை. மறுபடி திறக்கவேயில்லை.

"குடிச்சான்னே இருக்கட்டும்மா" என்று சித்தப்பா காலையிலேயே அவள் காதில் போட்டு வைத்திருந்தார். "குடி அவனோட போயிடும். சர்க்கரைன்னா, ரத்தத்துல வர்றதுன்னு சம்பந்தி பின்வாங்கிடுவாரு."

அந்தச் சம்பந்தி, ஹேமாலிக்குப் பேசிய மாப்பிள்ளையின் அப்பா வினுபாய்தான், இப்போது முன்பக்கம் தோள் கொடுக்க வந்து நின்றார். ஜெய்ராஜின் முதுகைத் தட்டினார். "மாதாஜி முன்னாடியே குடிச்சிட்டு ஆடுறதா? நீ அடிச்சதுல தப்பே இல்லப்பா."

ஜெய்ராஜின் கை கயிற்றிலேயே நின்றது. அப்பா தரையைப் பார்த்தார்.

"அவன் குடிக்கல, மாமா" என்றாள் ஹேமாலி. "அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே சர்க்கரை. ஊசி இல்லேன்னா உயிர் இல்ல. விரதம்னு நிறுத்திட்டான். எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்."

ஜெய்ராஜ் எழுந்து கையை ஓங்கினான். அவள் நகரவில்லை.

"அடி, மோட்டாபாய். அவனும் இப்படித்தான் நின்னான்" என்றாள் அண்ணனிடம்.

ஓங்கிய கை தானாகத் தொங்கியது. வினுபாய் அப்பாவிடம் ஏதோ கேட்டார். பிறகு திரும்பினார். வாசலில் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பாடைக்கு ஒரு தோள் குறைந்தது. சித்தப்பா யாரையோ கூப்பிடுவதற்குள் ஹேமாலி துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு மூங்கிலுக்கடியில் நுழைந்தாள். பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அவள் குள்ளம். பாடை அவள் பக்கமாகச் சாய்ந்தது.

மறுபக்க மூங்கிலைச் சுமந்த ஜெய்ராஜ் அவளைப் பார்க்கவில்லை. முழங்காலை மடக்கி, தோளை அவள் உயரத்துக்குத் தாழ்த்தி, தெருமுனை தாண்டியும் அப்படியே நடந்தான்.