ஜான்சிக்குத் தொண்ணூறு

ஜான்சிக்கும் தொண்ணூறு, இளவரசுக்கும் தொண்ணூறு. மூன்று தடவை கூட்டிப் பார்த்தும் சத்யப்பிரியாவுக்கு அதுவேதான் வந்தது.

சிதம்பரத்தில் எம்.எட். படிக்கிறாள் அவள். ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் மேல் எவ்வளவு அக்கறை என்பது அவளுடைய ஆய்வு. கடலூரில் ஒரு கல்லூரியின் பி.எட். மாணவர்கள் அறுபது பேரிடம் முப்பது வாக்கியங்கள் கொண்ட தாளைக் கொடுத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். ‘முழுக்க ஏற்கிறேன்’ என்றால் ஐந்து மதிப்பெண், ‘முழுக்க மறுக்கிறேன்’ என்றால் ஒன்று. கூட்டுத்தொகை ஏற ஏற அக்கறை அதிகம் என்று பொருள். நாளைக் காலை பேராசிரியரிடம் முடிவைக் காட்டாவிட்டால் ஆய்வேடு அடுத்த வருஷத்துக்குப் போய்விடும்.

ஜான்சி அவளோடு டிகிரி படித்தவள், இப்போது அந்த அறுபது பேரில் ஒருத்தி. ஞாயிறுதோறும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அறுந்த வலைத்துண்டுகளைப் பொறுக்குவாள். புரோட்டா வாங்கக்கூட எவர்சில்வர் டப்பாவோடு போவாள். அவள் வகுப்பில் படிக்கும் இளவரசு, டீ குடித்த கப்பை நின்ற இடத்திலேயே போடுகிறவன். இருவருக்கும் ஒரே அக்கறையா? மற்ற ஐம்பத்தெட்டுப் பேரும் தொண்ணூறைச் சுற்றியே நின்றார்கள். ஒன்றும் புரியாமல் மத்தியானமே பஸ் ஏறி, இருவரையும் கல்லூரி கேன்டீனில் பிடித்தாள்.

“தம்பி, படிச்சுப் பாத்துத்தான் போட்டியா?”

“எங்கக்கா படிக்கிறது, பசி நேரத்துல குடுத்தீங்க. முப்பதுக்கும் நடுக் கட்டம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல பாருங்க” என்றான் இளவரசு.

முப்பது மூன்று தொண்ணூறு. அவன் கணக்கு சரி. அப்படியானால் கோளாறு ஜான்சியிடமா?

“ஏன்டி, டப்பா தூக்கிக்கிட்டுப் போறதெல்லாம் ஊருக்குக் காட்டத்தானா?”

ஜான்சி சாப்பிடுவதை நிறுத்தினாள். “என் தாளை எடுத்துப் படிடி.”

“‘பள்ளியில் மரம் வளர்ப்பதும் ஆசிரியரின் வேலை.’ முழுக்க ஏற்கிறேன்னு போட்டிருக்க. அஞ்சு. ‘கெடிலம் ஆற்றில் குப்பை கொட்டுவதால் பெரிய கேடில்லை.’ முழுக்க மறுக்கிறேன். ஒண்ணு.”

“கொட்டக் கூடாதுன்னு சொன்னதுக்கு ஒண்ணா? கொட்டலாங்கறவனுக்கு எவ்ளோ?”

“அஞ்சு” என்றாள் சத்யப்பிரியா.

“மொதல்லயே சொல்லியிருந்தா அதுலயும் அஞ்சு வர்ற கட்டத்துலயே டிக் போட்டிருப்பேனேக்கா” என்றான் இளவரசு.

படிக்காமல் யாரும் டிக் போட்டுவிடக் கூடாது என்று, பதினைந்து வாக்கியங்களைத் தலைகீழாக எழுதிக் கலந்தவளே சத்யப்பிரியாதான். எக்செலில் மதிப்பெண் போடும்போது அது மறந்துபோயிற்று. நல்ல வாக்கியங்களில் ஜான்சி வாங்கிய எழுபத்தைந்தோடு, தலைகீழ் வாக்கியங்களுக்கு வெறும் பதினைந்துதான் சேர்ந்திருக்கிறது.

“மன்னிச்சுக்கடி.”

“அதெல்லாம் அப்புறம். கணக்கைத் திருத்து” என்று ஜான்சி டப்பாவை நகர்த்தி லேப்டாப்புக்கு இடம் விட்டாள்.

அந்தப் பதினைந்து வாக்கியங்களுக்கு மட்டும், கிடைத்த எண்ணை ஆறிலிருந்து கழிக்க வேண்டும். ஒன்று ஐந்தாகும், ஐந்து ஒன்றாகும், மூன்று மூன்றாகவே நிற்கும். ஜான்சிக்கு நூற்றைம்பது, இளவரசுக்கு அதே தொண்ணூறு.