பத்து மெசேஜுக்கு இடம்

சார்ஜரில் மாட்டிய அரைமணி நேரத்தில் பழைய கைபேசிக்கு உயிர் வந்தது. லிஃப்ட் மெக்கானிக் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்தான். மெல்லிய முனை சார்ஜரைத் தேடி நான்கு கடை ஏறி இறங்கியிருந்தான். ஊருக்கெல்லாம் லிஃப்ட்டை ஓடவைத்துக் கொடுப்பவனுக்கு அந்த நான்கு கடையிலும் படிதான்.

அவனுடைய முதல் கைபேசி அது. லிஃப்ட் குழிக்குள் இரண்டு முறை விழுந்திருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. குழியில்தான் சிமென்ட் பெயர்ந்தது. அதை வைத்து இருபது வருடமாக இரண்டு பெருமைகளை ஓட்டிவந்தான். ஒன்று, மனைவி அனுப்பிய எந்த மெசேஜையும் அவன் அழித்ததே இல்லை. இரண்டு, கல்யாணத்துக்கு முன்னால் ‘அப்பா கொதிச்சுப்போய் இருக்கார், இன்னைக்கு வராதீங்க’ என்று அவள் அனுப்பியதைப் படித்த பிறகும், நேராகப் போய் அவள் அப்பா எதிரே உட்கார்ந்து பெண் கேட்டது. அப்பா அசந்துபோய்ச் சரி என்றார். குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் சாப்பாட்டுக்கு முன்பே இந்தக் கதை பரிமாறப்பட்டுவிடும்.

“அந்த ‘வராதீங்க’வை எடுங்க. போட்டோ பிடிச்சு மாட்டணும்” என்றாள் மனைவி.

“சிங்கம் குகையைத் திறக்குது, எல்லாரும் ஓரமா நில்லுங்க” என்றான் அவள் தம்பி. வாய்க்கு விடுமுறையே கொடுக்காதவன்.

மெக்கானிக் பொத்தானை அமுக்கி ஒவ்வொன்றாக இறங்கினான். பத்து மெசேஜ். பத்தும் அவளுடையவை. அதில் நான்கு ‘சாப்டீங்களா’. ‘வராதீங்க’ இல்லை. மறுபடி மேலே போய் இறங்கினான்.

“என்ன மாமா, நடுவுல நின்னுடுச்சா?”

அப்போதுதான் உறைத்தது. இதில் பத்துக்குத்தான் இடம். ஒன்றை அழித்தால்தான் பதினொன்றாவது உள்ளே வரும். அவன்தான் அழிக்கவே இல்லையே. அன்று புதுச் சட்டையில் விசிலடித்துக்கொண்டு போனவனுக்கு எதுவும் தெரியாது. மாமனார் பல்லைக் கடித்ததை, ஏதோ மென்றுகொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தான். பிறகு அவள் கண்ணை விரித்து, “சொல்லியும் வந்தீங்களே!” என்றபோது தலையாட்டினான். ஆட்டி ஆட்டி, படித்ததாகவே நம்பிவிட்டான்.

அழித்துவிட்டேன் என்றால் முதல் பெருமை போகும். வரவில்லை என்றால் இரண்டாவது.

“எனக்கு அது வரவே இல்ல” என்றான்.

தம்பி வாயைத் திறந்தான். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.

“வந்திருந்தா?” என்று அவளே கேட்டாள்.

“வந்திருக்க மாட்டேன்.” குரலில் தயக்கமே இல்லை. “உங்கப்பா இருமினாலே இன்னைக்கும் நான் எழுந்து நின்னுடுவேன்.”

அவள் கைபேசியை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பத்தையும் நிதானமாகப் படித்தாள். மூன்றாவது ‘சாப்டீங்களா’வில் நின்றாள். அழிக்கும் பொத்தானை அமுக்கினாள். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்று அமுக்கினாள்.

ஒரு இடம் காலியானது. சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லாத அந்தச் சின்னத் திரையை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பச்சை வெளிச்சம் அணையும்போதெல்லாம், அவள் ஏதாவது ஒரு பொத்தானை அமுக்கி மீண்டும் ஏற்றிக்கொண்டிருந்தாள்.