முதல் படம்

வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கியபோது சுவரிலிருந்து கொஞ்சம் காரையும் சேர்ந்து வந்தது. சத்தம் கேட்டிருக்குமோ என்று ஜுமகாலி குந்தியபடியே இருந்தான். சமையலறையில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மனைவியின் போன் ஏற்கெனவே அவனுடைய குளிர்கால பூட்ஸுக்குள் போய்விட்டது. சொந்த வீட்டில் திருடுவது எப்படி என்று நாற்பத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டிருந்தான்.

மனைவியின் தம்பி அசில்பெக் அன்று விடியும்போது அல்மாட்டியில் இறந்துபோயிருந்தான். வேலை செய்துகொண்டிருந்த நாற்காலியிலேயே மாரடைப்பு. முப்பது தாண்டிச் சில வருடங்கள்தான். அவனோடு கூட்டாகத் தொழில் நடத்திய ஓல்ஜாஸ் போனில் சொன்னபோது ஜுமகாலி தொழுவத்தில் இருந்தான். "சரி" என்றான். என்ன சரி என்று அவனுக்கே தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்து பால் கறந்தான். வாளி நிறைந்து வழிவது, செருப்பு நனைந்த பிறகுதான் தெரிந்தது. மாடு திரும்பிப் பார்த்தது.

கூடப்பிறந்தவளிடம் சாவுச் செய்தியை மொட்டையாகச் சொல்வது அவர்கள் ஊர் மெர்கே பக்கத்தில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். பெரியவர்கள் கூடி வந்து உட்கார்ந்து, எங்கெங்கோ சுற்றி, கேட்பவள் தானாகவே தெரிந்துகொள்ளும்படி பாரத்தை மெல்ல இறக்கிவைக்க வேண்டும். அதற்கென்றே ஊரில் துலெகென் இருந்தார். வட்டார ஆட்சி அலுவலகத்தில் துணைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலுக்கு மட்டும் ஓய்வு உத்தரவு இன்னும் போய்ச் சேரவில்லை. அவருக்குத்தான் ஜுமகாலி முதலில் போன் செய்தான்.

"நாங்க வர்ற வரைக்கும் அவ காதுல ஒரு எழுத்து விழக்கூடாது" என்றார் துலெகென். "இதெல்லாம் பதமா சொல்லணும். நீ வாயத் தொறக்காத. டை கட்டிட்டு வந்துர்றேன்."

வாயை மூடிக்கொள்வது ஜுமகாலிக்குக் கஷ்டமில்லை. பயமெல்லாம் அவள் தினமும் போனில் திறந்து பார்க்கிற ஒரு பக்கத்தை நினைத்துத்தான்.

ஆட்டு மந்தையைக் கணக்கு வைக்க அசில்பெக் ஓர் ஆப் செய்திருந்தான். அதை அவன் அக்கா குல்யாஷ் ஒருநாளும் போனில் ஏற்றிக்கொண்டதில்லை. அவளிடம் இருந்தவை சில ஆடுகள்; எல்லாவற்றையும் முகம் பார்த்தே தெரியும். அவள் பார்த்தது ஆப் விற்கிற கடையில் அதற்கென்று இருந்த பக்கத்தை. மற்ற பெண்கள் காலையில் கண்ணாடி பார்ப்பதுபோல, கண் விழித்ததும் படுக்கையிலேயே அதைத் திறப்பாள். எத்தனை நட்சத்திரம், யார் என்ன எழுதியிருக்கிறான், முதல் படம் சரியாகத் தெரிகிறதா. முதல் படம் அவர்கள் வீட்டு ஆடுதான், ஒரு காது மடிந்தது. ஓரத்தில் அதைப் பிடித்திருந்த குல்யாஷின் கட்டைவிரலும் விழுந்திருந்தது.

அந்த விரலுக்காக ஒரு சண்டையே நடந்தது. ஓல்ஜாஸுக்கு எதுவும் உலகத் தரத்தில் இருக்க வேண்டும். பனிமலையும், அதன் முன்னால் மடிக்கணினியோடு சிரிக்கிற பொன்னிறத் தலைமுடிப் பெண்ணும் போடலாம் என்றான். அசில்பெக் மசியவில்லை. ஆடு வாங்குகிறவன் பல்லைப் பார்க்கிறான், மலையையா பார்க்கிறான் என்று கேட்டான். கட்டைவிரல் தங்கியது.

அக்காவும் அந்தப் பக்கத்தில் தன் கருத்தை எழுதியிருந்தாள்: "நல்லா இருக்கு. எழுத்து பொடிசா இருக்கு. என் தம்பி செஞ்சது." நான்கு நட்சத்திரம். தம்பி போன் போட்டுக் கெஞ்சினான். "எழுத்தப் பெருசாக்கு, அஞ்சாவதத் தரேன்" என்றுவிட்டாள்.

போனை ஒளித்தாயிற்று, வயரையும் பிடுங்கியாயிற்று. சமையலறையில் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துத் தொடர் பார்க்கிற பழைய டேப்லெட் ஒன்று இருந்தது. வயர் இல்லாமல் அது வெறும் கண்ணாடித் தட்டு. ஜுமகாலி தொழுவத்துக்குப் போய்த் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தான்.

ஆட்டைக் காணோம்.

அந்த இடத்தில் கறுப்புப் பின்னணி. ஒரு மெழுகுவத்தி, அவர்கள் ஊரில் சாவுக்கு யாரும் மெழுகுவத்தி ஏற்றுவதில்லை. நடுவில் கோட்டும் டையுமாக அசில்பெக். அவன் கோட்டுப் போட்டு ஜுமகாலி பார்த்ததே இல்லை. கழுத்துக்கு மேலே மட்டும்தான் அவன். கீழே எழுதியிருந்தது: "எங்கள் நிறுவனரை இழந்து தவிக்கிறோம். அவரது மாபெரும் கனவைத் தொடர இப்போதே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். முதல் மாதம் இலவசம்."

இரண்டாவது முறை படித்தான். இலவசம் என்ற சொல்லிலேயே கண் நின்றுவிட்டது. அசில்பெக் செத்துப்போயிருந்தது காலையிலிருந்து ஜுமகாலிக்குத் தெரியும். ஆனால் அவனுக்கு அசில்பெக் அப்போதுதான் செத்தான். வைக்கோல்மேல் உட்கார்ந்தான்.

ஓல்ஜாஸைக் கூப்பிட்டான். அது மரியாதை என்றான் ஓல்ஜாஸ். பெரிய நிறுவனங்கள் எல்லாம் இப்படித்தான் செய்கின்றன என்றான். குரல் அழுது கரகரத்திருந்தது, அதனால் திட்டவும் முடியவில்லை.

"அவன் அக்கா தினம் அதைப் பாக்கறவடா."

ஓல்ஜாஸ் தயங்கிச் சொன்னான். "அவங்க நம்ம வாடிக்கையாளர் கணக்குலயே வரலையே அண்ணே."

"எப்ப போட்ட?"

"உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்."

பழைய படத்தைத் திரும்பப் போடுடா என்றான் ஜுமகாலி. போடலாம், ஆனால் ஒரே நாளில் இரண்டாவது தடவை மாற்றினால் கடைக்காரர்கள் பரிசீலித்து ஏற்றுக்கொள்ள நேரமாகும் என்றான் ஓல்ஜாஸ்.

விடியலில் இவன் மாடு கறக்க எழுந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாளா, போர்வைக்குள் வெளிச்சம் இருந்ததா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. வீட்டிலிருந்து எண்ணெய் காயும் வாசனை வந்தது.

துலெகென் இரண்டு பெரியவர்களோடு வந்து சேர்ந்தார். டை கட்டியிருந்தார், நரித்தோல் தொப்பியும் வைத்திருந்தார். குல்யாஷ் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. விரிப்பைப் போட்டாள், பால் தேநீர் ஊற்றினாள், வெள்ளைத் துணி மூடிய தட்டு ஒன்றை நடுவில் கொண்டுவந்து வைத்தாள். தலைமுக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜுமகாலி அவள் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

துலெகென் தொடங்கினார். மலைகள்கூட ஒருநாள் தேயும் என்றார். அங்கிருந்து ஆற்றுக்கு வந்தார், ஆற்றிலிருந்து சூரியனுக்கு ஏறினார். சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு ராஜாளி பறந்துகொண்டிருந்தது. ஜுமகாலிக்கு அந்த ராஜாளியைத் தெரியும்; ஊர்த் தண்ணீர் பம்பைத் திறந்துவைத்தபோதும் அது வந்திருந்தது. அன்றைக்குப் பறந்துகொண்டே இருந்தது. இன்றைக்கு அதற்கு இறக்கை முறியப்போகிறது. பேச்சு தந்த சுகத்தில் துலெகென் கண்ணை மூடியபடியே கையை நீட்டித் தட்டின்மேல் இருந்த துணியை விலக்கினார்.

ஷெல்பெக். மெல்லிசாக, எண்ணெயில் பொரித்த ரொட்டி, ஏழு. சூடு இன்னும் ஆறவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் இறந்தவர்கள் பேரில் சுடுவது.

அன்று செவ்வாய்க்கிழமை.

துலெகென் கண்ணைத் திறந்தார். கை தட்டின்மேலேயே நின்றது. அவர் பேச்சு பாதியில் நின்று அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. மற்ற இரண்டு பெரியவர்களும் தேநீர்க் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜுமகாலிக்கு அப்போதுதான் புரிந்தது. காலையிலிருந்து அவள் தண்ணீரைத் திறந்துவிட்டு, மாவு பிசைந்து, இவன் பூனைபோல வீட்டைச் சுற்றி வந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டே எண்ணெய் காயவைத்திருக்கிறாள்.

"சொல்லுங்க மாமா" என்றாள் குல்யாஷ். "பாதியில நிறுத்தக் கூடாது. ராஜாளி எங்க போச்சு?"

துலெகென் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தலையில் முடி கொஞ்சம்தான் இருந்தது. பிறகு யாரும் அவரிடம் கேட்டறியாத சின்னக் குரலில், "உன் தம்பி போயிட்டாம்மா" என்றார்.

அதைச் சொல்ல ஆள் வரட்டும் என்று காத்திருந்தவள்போல, அப்போதுதான் அழுதாள்.

மதியத்துக்குள் வீடு பெண்களால் நிறைந்தது. சாயங்காலத்துக்குள் உடல் வந்துவிடும் என்றார்கள். உறவுக்காரப் பையன்கள் நெட் இல்லையென்று முணுமுணுத்ததால் ஜுமகாலி வயரை எடுத்துக்கொண்டு சுவரோரம் குந்தினான்.

"வேணாங்க" என்றாள் குல்யாஷ் சமையலறையிலிருந்து. "அது அப்படியே இருக்கட்டும்."

எட்டிப் பார்த்தான். அடுத்த சுற்றுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சர்க்கரை டப்பாவில் சாய்ந்திருந்த டேப்லெட்டில், நேற்று இரவு அவள் திறந்துவைத்த பக்கம், நெட் இல்லாததால் மாறாமல் நின்றது. காது மடிந்த ஆடு, ஓரத்தில் கட்டைவிரல். அதற்குக் கீழே: "இந்தப் பதிப்பில் புதியது: எழுத்துகள் பெரிதாக்கப்பட்டுள்ளன."

ஜுமகாலி வயரைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டான். திரை மங்கத் தொடங்கியது. குல்யாஷ் மாவு ஒட்டிய விரலால் அதன் ஓரத்தை ஒருமுறை தொட்டாள். வெளிச்சம் திரும்பி வந்ததும் மறுபடி பிசைந்தாள்.